என் வாடகை 1,800, அரசாங்கம் தருவது 1,350. ஏன்?

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இரண்டு அறை வீடு, மாத வாடகை 1,800 பவுண்ட். நான் சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறேன், கையில் 1,500 வரும். மனைவி வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு 9 வயது முடிந்துவிட்டது, மகனுக்கு 5. வாடகை ஒப்பந்தத்தை முழுவதுமாக ஏற்றி அனுப்பினேன். ஆனாலும் யுனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவி) வீட்டுக்கென்று 1,350 தான் போட்டிருக்கிறார்கள். பிழை விட்டுவிட்டார்களா? முறையிட்டால் மிச்சம் 450 கிடைக்குமா? வீட்டுக்காரர் வேறு வாடகையைக் கூட்டப் போவதாகச் சொல்கிறார்."

பிழை இல்லை தம்பி. முறையிட்டாலும் இப்போதைக்கு அந்த 450 வராது. ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே நீங்கள் கவனிக்காத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அது விளங்க வேண்டுமென்றால் இந்த 1,350 எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் அதில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துக் காசு தருவார்கள் என்று நினைக்கிறார்கள். கவுன்சில் வீட்டில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான். தனியார் வீட்டுக்கு அப்படி இல்லை. இங்கே லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்.எச்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தப் பகுதியில், இத்தனை பேர் உள்ள குடும்பத்துக்கு, இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதி வைத்த தொகை அது. உங்கள் வாடகை அதைவிடக் குறைவென்றால் வாடகையைத் தருவார்கள். கூடவென்றால் அந்தத் தொகையோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

அந்தத் தொகையை எப்படி எடுக்கிறார்கள்? இங்கிலாந்தை 152 வாடகைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த எல்லைகள் கவுன்சில் எல்லைகளோடு பொருந்தாது. பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள் இரண்டு வேறு பகுதிகளுக்குள் போய்விடுவதும் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் ரென்ட் ஒஃபிசர்கள் எனப்படும் அரசாங்க வாடகை அதிகாரிகள் ஒரு வருடத்தில் வாடகைக்குப் போன வீடுகளின் விபரத்தைச் சேர்க்கிறார்கள். பெனிபிட் காசில் வாடகை கட்டும் வீடுகளை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இப்போது இரண்டு அறை வீடுகள் 100ஐ மிக மலிவானதில் தொடங்கி மிக விலை கூடியது வரைக்கும் வரிசையாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 30ஆவது வீட்டின் வாடகை எவ்வளவோ, அதுதான் எல்.எச்.ஏ. அதாவது அந்த ஊரில் பத்து வீட்டில் மூன்று வீடாவது உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பது கணக்கு.

2008 ஏப்ரலில் இந்த முறை நாடு முழுவதும் வந்தபோது எடுத்தது 50ஆவது வீட்டை. மலிவான வீடு பிடித்தவர் மிச்சத்தில் கிழமைக்கு 15 பவுண்ட் வரை தானே வைத்துக்கொள்ளவும் விட்டார்கள். 2011இல் அந்தச் சலுகையை எடுத்தார்கள், 50ஐ 30 ஆக்கினார்கள், ஐந்து அறைக்கான தொகையையும் நிறுத்தினார்கள். அதனால் இன்றைக்கு எவ்வளவு பெரிய குடும்பமானாலும் நான்கு அறைக்கு மேல் கணக்கு இல்லை.

30ஆவது வீடு என்பதுகூடப் பரவாயில்லை, ஒவ்வொரு வருடமும் வாடகையைப் பார்த்துத் தொகையைத் திருத்தினால். அதைச் செய்வதில்லை. 2016 முதல் நான்கு வருடம் அப்படியே உறைய வைத்தார்கள். 2020இல் கொரோனா வந்ததும் மறுபடி 30ஆவது வீட்டுக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகு 2024 வரைக்கும் மறுபடி உறைவு. 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்தினார்கள். அதுவும் 2023 செப்டம்பர் வரைக்கும் சேர்த்த வாடகை விபரத்தை வைத்து. அதற்குப் பிறகு 2025இலும் உயர்த்தவில்லை, 2026இலும் இல்லை. இந்த இடைவெளியில் லண்டனில் வாடகை எப்படி ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் 450 உங்கள் குற்றம் இல்லை. பழைய வாடகையைப் பார்த்து எழுதிய தொகையை வைத்துக்கொண்டு இன்றைய வாடகையைக் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. 1991இல் வீடமைப்பு அமைச்சராக இருந்த சர் ஜார்ஜ் யங், சந்தை வாடகையைக் கட்ட முடியாதவர்களின் சுமையை ஹவுசிங் பெனிபிட் (அப்போதிருந்த வீட்டுக்காசு உதவி) தாங்கும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட காலத்தில் கொடுத்த வாக்கு அது. கட்டுப்பாடு போனது போனதுதான். தாங்குவதை மட்டும் போகப் போகக் குறைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் நல்ல செய்திக்கு வருகிறேன்.

எத்தனை அறைக்கான தொகை உங்களுக்கு என்பதை உங்கள் வீட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை, குடும்பத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். கணவன் மனைவிக்கு ஓர் அறை. 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. 16 வயதுக்குக் குறைந்த இரண்டு ஆண் பிள்ளைகள் அல்லது இரண்டு பெண் பிள்ளைகள் ஓர் அறையில் இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் என்றால், இருவருமே 10 வயதுக்குக் கீழ் இருக்கும்வரைதான் ஒரே அறை. உங்கள் மகளும் மகனும் இப்போது ஓர் அறைக் கணக்கில் இருக்கிறார்கள், அதனால் உங்களுக்கு இரண்டு அறைத் தொகை. மகளுக்கு 10 வயது ஆகும் அன்றைக்கு அவருக்குத் தனி அறை, மகனுக்குத் தனி அறை. அன்றிலிருந்து நீங்கள் மூன்று அறைத் தொகைக்கு உரியவர்.

இதற்காக நீங்கள் மூன்று அறை வீட்டுக்கு மாற வேண்டியதில்லை. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இதே இரண்டு அறை வீட்டில், இதே வாடகையில் இருந்துகொண்டே மூன்று அறைக்கான தொகையைப் பெறலாம், உங்கள் உண்மையான வாடகையைத் தாண்டாமல். அந்த 450இல் ஒரு பகுதியாவது அங்கேயே அடைபடும். பிறந்த திகதி அவர்களிடம் இருக்கிறது, தானாகவே மாற வேண்டும். ஆனால் தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த மாத யுனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்கள். மாறவில்லையென்றால் உடனே ஜேர்னலில், அதாவது உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கத்தில், எழுதுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் மாற்றம் எந்த மதிப்பீட்டு மாதத்துக்குள் (உங்கள் காசைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) விழுகிறதோ, அந்த மாதத்தின் தொடக்கத்திலிருந்தே கணக்கில் எடுப்பார்கள். அதனால் அந்த மதிப்பீட்டு மாதம் முடிவதற்குள் சொன்னால் காசு போகாது. அதைத் தாண்டித் தள்ளிப் போனால் போய்விடலாம். அரசாங்க இணையத்தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டு, மூன்று அறை என்று தட்டினால் அந்தத் தொகை வந்துவிடும். இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

அடுத்தது, ஸ்டேட்மென்டை வாசிக்கும் முறை. "வேலை செய்தேன், வீட்டுக் காசை வெட்டிவிட்டார்கள்" என்று அடிக்கடி கேட்கிறேன். வீட்டுக் காசை மட்டும் தனியே வெட்டுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, சம்பளத்துக்காக ஒரு தொகையை மொத்தமாகக் கழிக்கிறார்கள். உங்கள் கணக்கையே 2025-26ஆம் ஆண்டின் தொகைகளை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் ஏப்ரலில் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு 628. 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்த முதல் பிள்ளைக்கு 339. மற்றப் பிள்ளைக்கு 293. வீட்டுக்கு 1,350. எல்லாம் சேர்த்து 2,610. இப்போது உங்கள் சம்பளம் 1,500. பிள்ளைகள் இருப்பதாலும் வீட்டுக்காசு பெறுவதாலும் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். மிச்சம் 1,089. அதில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள், அதாவது 599. ஆகவே உங்கள் கைக்கு வர வேண்டியது 2,011. இதோடு பிள்ளைகளுக்குத் தனியாக வரும் சைல்ட் பெனிபிட் மாதம் சுமார் 188. சம்பளத்தையும் சேர்த்தால் வீட்டுக்கு வரும் மொத்தம் கிட்டத்தட்ட 3,700. வாடகை போக 1,900. அந்த 450ஐயும் நீங்களே கட்டிய பிறகு மிஞ்சுவதுதான் இந்த 1,900. அது போனது பிள்ளைகளின் சாப்பாட்டிலும் சப்பாத்திலும் இருந்து. ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உங்கள் ஸ்டேட்மென்டில் இதற்கு மாறாக இருந்தால்தான் முறையிடுவதில் பயன்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும், உங்களைப் பயப்படுத்த அல்ல. வேலை போனால் நிலைமை வேறு. பெனிபிட் கேப் என்று, ஒரு வீட்டுக்குத் தரும் மொத்த பெனிபிட் காசுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ட், மாதம் 2,110. லண்டனுக்கு வெளியே 22,020. 2023 ஏப்ரலில் வைத்த தொகை இது. தம்பதியாக உங்கள் இருவரின் கைச்சம்பளமும் சேர்த்து மாதம் 846 பவுண்டுக்கு மேல் இருந்தால் (2025-26 கணக்கு) இந்த வரம்பு உங்களைத் தொடாது. இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வேலை நின்றால் உங்கள் 2,610, சைல்ட் பெனிபிட் 188, இரண்டும் சேர்ந்து 2,798. அதில் 2,110க்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 690 பவுண்டை வெட்டிவிடுவார்கள். ஆனால் அதற்கு முந்தைய 12 மாதமும் அந்த எல்லைக்கு மேல் உழைத்திருந்தால் ஒன்பது மாதம் அவகாசம் உண்டு. அதனால் மணித்தியாலத்தைக் குறைப்பது, வேலையை விடுவது பற்றி யோசித்தால் முதலில் இந்த எல்லையைப் பாருங்கள். டிசபிலிட்டி பெனிபிட் பெறுபவர், கெயரர்ஸ் அலவன்ஸ் (இயலாதவரைப் பராமரிப்பவருக்கான உதவி) பெறுபவர் உள்ள வீட்டுக்கு இந்த வரம்பே இல்லை. அப்படி உரிமை இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்கள் எங்களுக்குள் நிறைய.

வாடகை கூட்டுவது பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்தில் ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதி 2026 மே 1 முதல் நடைமுறை. அதன்படி வீட்டுக்காரர் நினைத்த மாதத்தில் வாயால் சொல்லிக் கூட்ட முடியாது. வருடத்துக்கு ஒருமுறைதான். உரிய படிவத்தில், இரண்டு மாதம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அந்தப் பகுதி வாடகையைவிடக் கூடவென்று உங்களுக்குத் தோன்றினால், புது வாடகை தொடங்கும் நாளுக்கு முன் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக்காரர் கேட்டதைவிடக் கூடத் தீர்ப்பாயம் போடாது. அதனால் போய்ப் பார்ப்பதில் நட்டம் இல்லை. காரணம் சொல்லாமல் எழும்பச் சொல்லும் செக்‌ஷன் 21 நோட்டீசும் அதே நாளோடு போய்விட்டது. "அடுத்த மாதத்திலிருந்து 100 கூட" என்று வாட்சாப்பில் வந்த செய்தி சட்டப்படி நோட்டீஸ் ஆகாது. மரியாதையாக, "அண்ணை, படிவத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள்.

எங்கள் ஆட்களோடு இருக்கும் பெரிய சிக்கல் இதற்கும் முந்தியது: கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. ஒரு அக்கா ஆறு வருடமாக ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தார். வாடகை 900, காசாக. ஒப்பந்தம் இல்லை. கணவர் போன பிறகு முதன்முதலாக யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தார், வீட்டுக்காசுக்கு ஆதாரம் கேட்டார்கள். வீட்டுக்காரர் கடிதம் தர மாட்டேன் என்றுவிட்டார். அந்த அக்கா கைப்பையில் இருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு மாதமும் திகதி, தொகை, பக்கத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து. ஊரில் அவருடைய தகப்பனார் கடைக் கணக்கு எழுதிய மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தார். வங்கிக் கணக்கு விபரத்தை எடுத்து அதோடு ஒப்பிட்டோம். ஒவ்வொரு மாதமும் முதலாம் இரண்டாம் திகதியில் 900 எடுத்திருக்கிறார், கொப்பியிலும் அதே திகதி. இரண்டையும் படம் எடுத்து ஏற்றினோம். இரண்டு மாதம் இழுத்தது, ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். அவர் அந்தக் கொப்பியை எழுதாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதனால் வாடகையை வங்கி வழியாகக் கட்டுங்கள். காசுதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றால், ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். எழுத்தில் இல்லை என்பதற்காக உங்கள் உரிமை இல்லாமல் போகாது. புதுச் சட்டத்தில் முக்கியமான விபரங்களை எழுத்தில் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் வீட்டுக்காசு கிடைக்காது என்று ஒரு கதை உலாவுகிறது. முழு உண்மை அல்ல. அப்பா, அம்மா, மாமனார், மாமியார், மகன், மகள், உடன்பிறந்தவர், இவர்களுடைய துணைவர் ஆகியோரில் ஒருவர் அதே வீட்டில் உங்களோடு இருந்துகொண்டு உங்களிடம் வாடகை வாங்கினால்தான் தரமாட்டார்கள். சித்தப்பா, பெரியம்மாவின் மகன் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அது உண்மையான வாடகையாக இருக்க வேண்டும். கட்டாவிட்டால் எழும்பச் சொல்வார்களா என்று கேட்பார்கள். பெனிபிட்டுக்காக எழுதிய ஒப்பந்தம் என்று கண்டால் மோசடி வழக்காகிவிடும்.

மகனோ மகளோ வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் கூடவே இருப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். அப்படி 21 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருந்தால், அவருக்கு ஓர் அறை கூட்டுவார்கள். ஆனால் அவர் வாடகைக்குப் பங்கு தருவதாக எடுத்துக்கொண்டு மாதம் சுமார் 93 பவுண்ட் (2025-26 கணக்கு) கழிப்பார்கள். ஊரில் இருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவுக்கும் இது பொருந்தலாம். பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவி) போன்ற சில உதவி பெறுபவர்களுக்குக் கழிப்பதில்லை.

சேமிப்பு விஷயத்தில் எங்கள் சனங்கள் அறியாமலே மாட்டிக்கொள்வது ஊர்க் காணியால். 6,000 பவுண்ட் வரை சேமிப்பைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 கழியும். 16,000ஐத் தாண்டினால் யுனிவர்சல் கிரெடிட்டே இல்லை. இங்கே வங்கியில் உள்ளதை மட்டுமே பலர் எழுதுகிறார்கள். கோப்பாயில் பெயரில் இருக்கும் வீடும் வளவும் கூடச் சொத்துத்தான், எழுத வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ இருந்தால், அந்த வீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இதைத் தெரியாமல், கேட்டால் நின்றுவிடும் என்ற பயத்தில் மறைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, மறைத்ததால் வருடக்கணக்கான காசைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

தனியாக இருக்கும் இளம் ஆட்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 35 வயதுக்குக் குறைந்த, தனி ஆள் என்றால், ஒரு பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான். தனி ஸ்டூடியோ எடுத்தாலும் அதுதான். 2012க்கு முன் இந்த எல்லை 25ஆக இருந்தது. விதிவிலக்குகள் சில உண்டு. வீடற்றோர் விடுதியில் மூன்று மாதம் இருந்தவர், வீட்டு வன்முறையில் இருந்து தப்பி வந்தவர், சில வகை டிசபிலிட்டி பெனிபிட் பெறுபவர் போன்றவர்களுக்கு ஓர் அறை வீட்டுத் தொகை கிடைக்கும். இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும், அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக. மாணவர் விசா, வேலை விசா, கெயர் வேலைக்கு வந்தவர்களின் விசா, பெரும்பாலான துணைவர் விசா இவற்றில் பொதுநிதி, அதாவது பெனிபிட் போன்ற அரசாங்க உதவி, கிடையாது என்று எழுதியிருக்கும். அவர்கள் வீட்டுக்காசு கேட்கக்கூடாது, கேட்டால் விசாவுக்கே பிரச்சினை. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் கேட்கலாம். ஒருவருக்கு உரிமை இருந்து துணைக்கு இல்லையென்றால், படிவம் நிரப்ப முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரிடம் கட்டாயம் காட்டுங்கள். கடைக்கார அண்ணை சொன்னார் என்று நிரப்பாதீர்கள்.

பெனிபிட் எடுப்பவருக்கு வீடு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் காலம் ஒன்று இருந்தது. விளம்பரத்திலேயே எழுதினார்கள். 2020 ஜூலையில் யோர்க் கவுண்டி நீதிமன்றத்தில், ஷெல்டர் என்ற வீட்டு உரிமை அமைப்பின் துணையோடு ஒரு தாய் போட்ட வழக்கில், அப்படி ஒட்டுமொத்தமாக மறுப்பது சமத்துவச் சட்டத்துக்கு எதிரான பாகுபாடு என்று முடிவானது. 2026 மே 1 முதல் பெனிபிட் எடுப்பதற்காகவோ பிள்ளைகள் இருப்பதற்காகவோ மறுப்பது நேரடியாகவே தடை, 7,000 பவுண்ட் வரை தண்டம் போடலாம். ஒரு மாதத்துக்கு மேல் முற்பண வாடகை கேட்கவும் முடியாது, ஒருவரை ஒருவர் மேலே ஏற்றி ஏலம் விடவும் முடியாது. ஆனால் உங்கள் வருமானம் இந்த வாடகைக்குப் போதுமா என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. அங்கேதான் அந்த எல்.எச்.ஏ. இடைவெளி மறுபடி குறுக்கே வந்து நிற்கும். வீடு பார்க்கப் போகும்போது மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, ஸ்டேட்மென்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிடத் தாளைக் காட்டும்போது ஏஜென்ட் வேறு மாதிரிக் கதைப்பார்.

இனி உங்கள் 450க்கு, மகளின் பிறந்தநாள் வரும்வரைக்கும் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கேட்க வேண்டிய இடம் கவுன்சில். டிஸ்கிரஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று இதற்கென்றே ஓர் உதவி இருந்தது. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலில் அதைக் கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற புது நிதிக்குள் சேர்த்துவிட்டார்கள். பெயர் எதுவானாலும் வாடகைக்கும் வீட்டுக்காசுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கு உதவி கேட்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். இது உரிமையாகக் கிடைப்பதில்லை, அவர்கள் பார்த்துத் தருவது. எல்லோரும் "கஷ்டமாக இருக்கிறது" என்றுதான் எழுதுவார்கள். உங்களிடம் அதைவிட நல்ல காரணம் இருக்கிறது: "இந்தத் திகதியில் மகளுக்கு 10 வயது, அதன் பிறகு எனக்கு மூன்று அறைத் தொகை வரும், அதுவரை இத்தனை மாதம் மட்டும் தாருங்கள்." முடிவு தெரிந்த தேவைக்குக் கவுன்சில் காசு கொடுப்பது சுலபம். வரவு செலவை உண்மையாக எழுதுங்கள். ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் காசையும் மறைக்காதீர்கள், வங்கிக் கணக்கு விபரத்தில் அது தெரியும்.

அதே படிவங்களோடு கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்கும் விண்ணப்பியுங்கள். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் இதுவும் தானாக வரும் என்று நினைத்து விட்டவர்கள் ஏராளம். இது வேறு விண்ணப்பம், கவுன்சிலுக்கு நேரடியாகப் போட வேண்டும்.

வாடகையில் பின்தங்கிவிட்டால் ஒளிக்காதீர்கள். இரண்டு மாதம் நிலுவை வந்தால் வீட்டுக்காரர் தனக்கே நேரடியாகக் காசு வரும்படி கேட்கலாம், நீங்களும் கேட்கலாம். எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்தால் சாமானைக் கட்டிக்கொண்டு வெளியே வராதீர்கள். நோட்டீஸ் என்பது தொடக்கம்தான், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. நீங்களாக வெளியே வந்தால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று கவுன்சில் கையை விரித்துவிடலாம். நோட்டீசைப் படம் எடுத்து அன்றைக்கே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்கு அனுப்புங்கள். வீடு போகாமல் தடுக்க உதவ வேண்டியது 2018 முதல் அவர்களுடைய சட்டக் கடமை.

உங்கள் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். மூன்று அறைத் தொகையைப் பார்த்து எழுதி வையுங்கள், ஜேர்னலில் எதையும் இப்போதைக்கு முறையிட வேண்டாம், கவுன்சில் படிவத்தை இந்தக் கிழமையே போடுங்கள். வீட்டுக்காரர் படிவத்தில் வாடகையைக் கூட்டித் தந்தால் புது வாடகை தொடங்கும் அன்றைக்கு யுனிவர்சல் கிரெடிட்டில் மாற்றத்தைப் பதியுங்கள். 1,350இல் நிற்கும்வரை அதனால் ஒரு பென்ஸும் கூடாது, ஆனால் மகளின் பிறந்தநாளுக்குப் பிறகு பழைய வாடகையை வைத்துக் கணக்குப் போட்டுவிடாமல் இருக்க அது தேவை. மகளின் பிறப்புப் பத்திரப் பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

படிவம் நிரப்பும்போது எங்கே தடைப்பட்டாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.